கூறைப்புடவை காத்திருக்கும், லெஹங்கா காத்திருக்காது

கேள்வி: எனக்குக் கடந்த பிப்ரவரியில் மும்பை மாட்டுங்காவில் கல்யாணம் ஆயிற்று. செம்பூரில் ஒன் பிஹெச்கே ஃபிளாட்டில் நானும் கணவரும் இருக்கிறோம். கல்யாண உடைகளை என்ன செய்வது என்று வீட்டில் தினமும் ஒரு பேச்சு. அரக்கு நிற ஒன்பது கஜக் கூறைப்புடவை, மாமியார் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தது. ரிசப்ஷனுக்குக் கட்டியது ஹிந்த்மாதா மார்க்கெட்டில் 40,000 ரூபாய்க்கு வாங்கிய லெஹங்கா. "பிளாஸ்டிக் கவரில் போட்டு, பாச்சா உருண்டை வைத்து மேலே ஏற்றிவிடு, அப்புறம் தொடாதே" என்றார் அம்மா. அப்படியே லாஃப்டில் வைத்தேன். "ஒன்பது கஜத்தை இனிமேல் எப்போது கட்டப்போகிறாய், ஆறு கஜமாக வெட்டிக்கொள்" என்கிறார் சித்தி. "இடத்தை அடைக்கிறது, இரண்டையும் விற்றுவிடலாம்" என்கிறார் கணவர். போன வாரம் இறக்கிப் பார்த்தபோது ஜரிகை இரண்டு மூன்று இடங்களில் கறுத்திருந்தது. தலைப்பில் பாயசம் சிந்திய இடம் அன்றைக்குத் தெரியவே இல்லை, இப்போது பழுப்பாகத் தெரிகிறது. ஹோமத்தில் தெறித்த நெய்க்கறையும் உண்டு. பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(வாசகி, செம்பூர்)

பதில்: விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இன்று மாலையே புடவையை அந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மறுபடி லாஃப்டில் ஏற்ற வேண்டாம்.

ஜூன் பிறந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நீடித்தாலே துணியில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். பட்டு சத்தமில்லாமல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரம் ஏறினாலும் கைக்கு நனைந்ததுபோலத் தெரியாது. அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டால் வெளியேற வழியே இல்லை. லாஃப்ட் பெரும்பாலும் குளியலறைக்கு மேலேதான் இருக்கும். ஃபிளாட்டிலேயே அதிகம் வெக்கையும் புழுக்கமும் உள்ள இடம் அதுதான்.

கட்டிலில் சுத்தமான பருத்தி விரிப்பைப் போட்டு, புடவையைப் பிரித்துப் பரப்பி, ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். படுக்கையறையில் ஏசி இருந்தால் 'டிரை' மோடில் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். பட்டின் சாயமும் நாரும் இரண்டுமே வெயிலுக்குத் தாங்காது.

பாச்சா உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஜையறைக் கற்பூரத்தையும் அதையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி, துணியில் கறையாக இறங்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாஃப்தலீன் உருண்டை வைத்திருந்த துணியில் பச்சிளங்குழந்தையைச் சுற்றுவது ஆபத்து. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். பெயர் வைக்கும் அன்று அம்மாவின் கூறைப்புடவையில் குழந்தையைக் கிடத்தும் வழக்கம் நம் வீடுகளில் பலவற்றில் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். பூச்சிக்குப் பயமாக இருந்தால் வசம்புத் துண்டுகளையும் கிராம்பையும் சின்னத் துணிப்பையில் கட்டி பீரோவின் மூலையில் வையுங்கள். புடவையில் நேராகப் படக்கூடாது.

ஜரிகை கறுத்தது உங்கள் கவனக்குறைவால் என்று நினைக்காதீர்கள். அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளியே வரும், காற்றில் உள்ள கந்தகம் பட்டதும் கறுக்கும். ரப்பர் பேண்ட், ஃபோம், கம்பளித் துணி, வியர்வை, தெளித்துக்கொண்ட சென்ட் எல்லாமே இதைத் துரிதப்படுத்தும். உங்கள் பூஜையறை வெள்ளி விளக்கு எத்தனை நாளில் கறுக்கிறது என்று கவனியுங்கள். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்திலேயே இருக்கும் செம்பூரில் அதைக் கவனித்துக்கொள்வது நல்லது. கறுத்த இடத்தில் எலுமிச்சை, புளி, பற்பசை, பாத்திரப் பொடி எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறுப்போடு மிச்ச முலாமும் போய்விடும். இரண்டு மூன்று இடம்தான் என்கிறீர்கள். அப்படியே விட்டுவிட்டு இனி பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி கறைகள். டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால் எல்லாக் கறையும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். டிரை கிளீனிங்கில் செய்யும் பெட்ரோல் வாஷ் எண்ணெய்ப் பசையை எடுக்கும், ஆகையால் உங்கள் நெய்க்கறை அதில் போய்விடலாம். பாயசத்தில் இருக்கும் சர்க்கரையும் வியர்வையில் இருக்கும் உப்பும் தண்ணீரில் கரைபவை. பெட்ரோல் அவற்றைத் தொடாது. சர்க்கரைக் கறை காயும்போது நிறமே இல்லாமல் இருந்து, மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் இன்னும் அழுத்தமாகும். அதனால் கடையில் புடவையைக் கொடுக்கும்போது கவுண்டரிலேயே பிரித்து, "இது பாயசம், இது நெய், இது மஞ்சள்" என்று ஒவ்வோர் இடத்தையும் காட்டிச் சொல்லுங்கள். வெள்ளை நூலால் ஒரு தளர்ந்த தையல் போட்டு இடத்தை அடையாளம் வைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. பாயசம் பட்ட இடத்தை மட்டும் தனியாக, கைத்தேர்ச்சி உள்ளவர்கள்தான் ஈரம் வைத்து எடுக்க வேண்டும். வீட்டில் நீங்கள் முயல வேண்டாம். காஞ்சிபுரத்தில் உடலையும் பார்டரையும் தனித்தனியே சாயம் தோய்த்து கோர்வை போட்டு இணைக்கிறார்கள். ஈரம் பட்டு அரக்குச் சாயம் பார்டருக்குள் ஓடிவிட்டால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்களே, அதில் சோப்பு படவே கூடாது. மஞ்சளில் சோப்பின் காரம் பட்ட நொடியில் அது செங்கல் சிவப்பாக மாறும். அந்த மூலை மஞ்சளை நான் எடுக்கச் சொல்லவும் மாட்டேன். அது கறைக் கணக்கில் வராது.

கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லுங்கள். கஞ்சி போடக்கூடாது, ரோல் பாலிஷ் வேண்டாம். எடுத்து வைக்கப்போகும் புடவைக்கு மினுமினுப்பு தேவையில்லை. கஞ்சியின் மாவுச்சத்துக்கு வெள்ளிமீன் பூச்சி ஓடி வரும். பாலிஷில் அழுத்தப்பட்ட மடிப்பில்தான் பின்னாளில் பட்டு கீறும்.

சுத்தமாகி வந்த பிறகு, பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கஞ்சியும் நீலமும் போடாமல் துவைத்துக் காயவைத்து, அதில் சுற்றி இரும்பு பீரோவில் வையுங்கள். இடமில்லாத மும்பை வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாக்ஸில் வைப்பார்கள். அந்த ப்ளைவுட் புதிதாக இருக்கும்போது அதிலிருந்து அமில ஆவி வந்துகொண்டே இருக்கும், பட்டுக்கும் ஜரிகைக்கும் ஆகாது. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டியும் பீரோ இருக்க வேண்டாம். ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு, பச்சையாக மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள். ஜரிகை உள்பக்கம் இருக்குமாறு தளர மடித்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றிவிடுங்கள். மழை நாளில் பிரித்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அக்டோபர் முடிந்து காற்று உலர்ந்த பிறகு அதைச் செய்யுங்கள்.

இப்போது வீட்டுப் பேச்சுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள், மூன்று பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். புடவையை எடுத்துக் கொடுத்த மாமியார் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரிடம் பேசுங்கள். அவர் அனுமதி வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. புடவை உங்களுடையது. ஆனால் காஞ்சிபுரத்தில் எங்கே, யாரிடம், எதைப் பார்த்து எடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பில்லும் அவரிடம் இருக்கும். இந்தப் புடவையை விற்றாலும் வைத்தாலும் உங்களுக்கு அந்தத் தகவல் வேண்டும்.

கூறைப்புடவையை விற்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. மந்திரம் சொல்லிக் கொடுத்தது என்ற காரணம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். கறையுள்ள, ஒருமுறை கட்டிய ஒன்பது கஜத்துக்கு வெளியே வாங்க ஆள் மிகக் குறைவு. "பழைய பட்டு எடுக்கிறோம்" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஜரிகையின் வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். புடவையை எரித்து, சாம்பலில் இருந்து வெள்ளியை எடுப்பார்கள். உடுத்தவே முடியாமல் இற்றுப்போன பாட்டி புடவைக்கு அது ஒரு வழி. நான்கு மாதம்கூட ஆகாத புடவைக்கு அந்தக் கதி வரக் கூடாது. ஒரு நெசவாளி குடும்பம் வாரக்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்ததை வெள்ளி எடைக்குக் கொடுப்பதைப் பார்க்க என் மனம் ஒப்புவதில்லை.

சித்தி சொல்வது நடைமுறைக்கு ஒத்த யோசனை. ஒன்பது கஜம் சுமார் 8.2 மீட்டர், ஆறு கஜத்துக்கு 5.5 மீட்டர் போதும். மிச்சத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கலாம். வெட்டினால் தலைப்பு இல்லாத, உள்ளே சொருகும் பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தை உடனே மடித்துத் தைக்காவிட்டால் இழை இழையாகப் பிரியும். ஆனால் இதை இந்த வருடம் செய்யாதீர்கள், அடுத்த வருடமும் வேண்டாம். சீமந்தம், பிள்ளைக்குப் பூணூல் என்று ஒன்பது கஜம் கேட்கும் நாள்கள் உங்கள் வீட்டில் வரிசையாக வரக்கூடும். வெட்டியதை ஒட்ட முடியாது. இந்தப் புடவை பீரோவில் அடைக்கும் இடம் ஒரு தலையணை அளவு. அந்த அளவு இடத்துக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

அம்மா சொன்ன "தொடாதே" என்பதையும் நான் ஏற்கவில்லை. வருடக்கணக்கில் தொடாமல் வைத்த புடவைகள்தான் மடிப்பு மடிப்பாகக் கீறிப்போய் என்னிடம் ரஃபூ வேலைக்கு, அதாவது கிழிசலை இழையோட்டிச் சரிசெய்ய, வருகின்றன. ஜரிகை மடிந்த இடத்தில் உலோகம் முறிந்து, அது பக்கத்துப் பட்டு இழையையும் அறுத்திருக்கும். கட்டி, காற்றாட விட்டு, வேறு விதமாக மடித்து வைக்கும் புடவை அதைவிட நெடுநாள் உழைக்கும். உங்களுக்கு ஜனவரியில் தலைப்பொங்கல் வருகிறது. மும்பையில் வருடத்திலேயே காற்று உலர்ந்து, வியர்க்காமல் பட்டு கட்டத் தோதான மாதம் அது. அன்றைக்குக் கட்டுங்கள். மடிசார் தனியே கட்ட வராது என்றால் மாமியாரைக் கட்டிவிடச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று கூட்டமும் அவசரமுமாக இருந்திருக்கும், அந்தப் புடவையை நீங்கள் நிதானமாகப் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். கட்டி அவிழ்த்ததும் மடித்துவிடாமல் ஓர் இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். சென்ட்டும் டியோடரண்டும் புடவை கட்டுவதற்கு முன்பே போட்டு உலர்ந்திருக்க வேண்டும்.

லெஹங்கா விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன், அதுவும் தாமதம் கூடாது என்ற கருத்தோடு. கூறைப்புடவையின் மதிப்பு காலத்தால் குறையாது. ரிசப்ஷன் லெஹங்காவின் வெட்டும் நிறமும் வேலைப்பாடும் இரண்டு மூன்று சீசனில் பழசாகிவிடும். அதில் இருக்கும் கற்களில் பல பசையால் ஒட்டியவை. நம் ஊர் ஈரத்தில் அந்தப் பசை மஞ்சளாகி, பிறகு விடும். டிரை கிளீனிங் திரவத்தில் சிலவகைச் சமிக்கி உருகியே போகும். அதனால் கொடுக்குமுன் கடைக்காரரை உள்பக்க ஓரத்தில் ஒரு சமிக்கியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தால் இன்றே இறக்கிப் படுக்கையாக வையுங்கள். அந்த எடையை இடுப்புப் பட்டியின் இரண்டு நாடா தாங்காது, தையல் விடும்.

விற்பதானால் அடுத்த கல்யாண சீசன் தொடங்கும் முன், அதாவது தீபாவளிக்கு முன்பே விலைக்கு விடுங்கள். நவம்பரிலிருந்து கல்யாணம் வைத்திருக்கும் பெண்கள் செப்டம்பர், அக்டோபரில்தான் தேடுவார்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், இடுப்பு, உயரம், சோளியின் அளவு, உள்ளே எவ்வளவு தையல் துணி விட்டிருக்கிறது என்ற தகவல், பில், விட்டுப்போன கற்கள் எத்தனை என்ற உண்மை, எல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் பேரம் சுமுகமாக முடியும். கொடுத்த 40,000 திரும்ப வரும் என்று எண்ணாதீர்கள். பாதி கிடைத்தால் அது நல்ல விற்பனை. வாடகைக் கடையில் பங்குக்கு விடலாம் என்று சொல்வார்கள். இரண்டு மூன்று முறை வாடகைக்குப் போய் வந்த லெஹங்காவின் கீழ் ஓரத்தைப் பார்த்தால் உங்களுக்கே கொடுக்க மனம் வராது. ஆகவே அந்த வழிக்குப் போவதானால் இனி அது உங்கள் உடை அல்ல என்று தீர்மானித்துவிட்டுக் கொடுங்கள். இன்னொரு தகவலும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டுப்புடவையில் இருக்கும் சில்க் மார்க் லேபிள் பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகைக்கு அது உத்தரவாதம் தராது. லேபிளைக் காட்டி "ஜரிகையும் அசல்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விற்க மனமில்லை, ஆனால் பயன்பட வேண்டும் என்றால் கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் ஒருவர் வசதியில்லாத மணப்பெண்களுக்காகக் கல்யாண உடைகளைச் சேகரித்து இலவசமாகக் கொடுக்கும் உடை வங்கியே தொடங்கினார். மும்பையில் உங்கள் வீட்டைச் சுற்றியே, தாராவியிலோ மான்குர்டிலோ, அப்படி ஒரு பெண் இருப்பாள். வீட்டு வேலைக்கு வருபவரின் மகளாகக்கூட இருக்கலாம். கொடுப்பதானால் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டு, பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு இடம் கொடுங்கள். சுத்தம் செய்து, அவள் அளவுக்குத் திருத்தித் தைத்துக் கொடுங்கள். அந்தத் தையல் கூலி உங்கள் செலவு. "இது ஓசியில் கிடைத்தது" என்று கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காதது ஒன்று, பிளவுஸ். கூறைப்புடவையோடு சுற்றி வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். புடவையில் எங்கும் இல்லாத அளவு வியர்வை அதன் அக்குளில்தான் இருக்கும், அது பக்கத்தில் இருக்கும் ஜரிகையையும் கறுக்க வைக்கும். ஆரி வேலை செய்த பிளவுஸ் என்றால் வேலைப்பாட்டின் மேல் ஒரு மல்மல் துணியை வைத்து, மடிக்காமல் தட்டையாகத் தனியே வையுங்கள். உள்ளே தைத்து விட்டிருக்கும் கூடுதல் துணியை "சுத்தமாக இருக்கும்" என்று சொல்லித் தையல்காரர் வெட்ட வருவார், விடாதீர்கள். சீமந்தத்துக்கு அந்த இரண்டு அங்குலம் உங்களுக்குத் தேவைப்படும்.